தொண்டை வேறு, கை வேறா?
குரல் பிரிக்கும் எந்திரம் குறித்துச் சில விவாதக் குறிப்புகள்

1

ஒரு பாட்டை உள்ளே போட்டால் நாலு கோப்புகளாக வெளியே வந்து விழுகிறது. ஒன்றின் பெயர் ‘குரல்’. அடுத்தது ‘டிரம்ஸ்’. மூன்றாவது ‘பேஸ்’. நாலாவதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மற்றவை’. பாரீஸைச் சேர்ந்த டீசர் நிறுவனம் 2019 நவம்பரில் இலவசமாக வெளியிட்ட ஸ்பிலீட்டர், அதே ஆண்டில் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட டெமுக்ஸ் ஆகிய மென்பொருள்கள் பாட்டைக் கூறுபோடும் முறை இது. குரல், மீதி என்று இரண்டே துண்டாக வெட்டிக்கொள்ளவும் வசதி உண்டு. அப்படிச் செய்தால் ‘மற்றவை’ இன்னும் பெருத்துவிடும். குரல் தவிர மிச்சமுள்ளதெல்லாம் துணை.

கல்யாண மண்டபத்தில் பாடுகிறவர், ரீல்ஸ் போடுகிற பையன், ஆவணப்படம் எடுக்கும் தோழர், நாட்டார் பாடல் தொகுக்கும் ஆய்வாளர் என எல்லோர் கையிலும் இன்று இது இருக்கிறது. அந்த நாலாவது பெயர் யாரையும் உறுத்துவதாகத் தெரியவில்லை. வீணை, நாதஸ்வரம், புல்லாங்குழல், தம்புரா, வில்லில் கட்டிய மணி எல்லாம் இந்தப் பகுப்பின்படி ‘மற்றவை’தான். மற்றமை, விளிம்பு, மையம் என்று சிறுபத்திரிகைகளில் மாய்ந்து மாய்ந்து எழுதினோம். இப்போது ஒரு கணிப்பொறி நிரல் எந்தக் கூச்சமும் இல்லாமல் கோப்புக்குப் பெயராகவே அதை எழுதி நம் கையில் கொடுக்கிறது. வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

இது எந்திரத்தை உடைக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. நம் வாதம் ஒன்றுதான். பாட்டைப் பிரிப்பதை, பெட்டிக்குள் கிடக்கும் இரண்டு சாமான்களை எடுத்துத் தனித்தனியே வைக்கிற காரியமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எது குரல், எது அதற்குத் துணை என்று ஒரு தீர்ப்பு அங்கே எழுதப்படுகிறது. அந்தத் தீர்ப்பை எழுதுவது யார், எந்தச் சட்டத்தை வைத்து என்பதைக் கேட்டாக வேண்டும்.

2

முதலில் எந்திரம் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ளாமல் ‘அதிகாரம், அதிகாரம்’ என்று கத்துவதில் பயனில்லை.

பழைய வித்தை ஒன்று உண்டு. ஸ்டீரியோ பதிவில் இடது, வலது என இரண்டு தடங்கள். முதன்மைப் பாடகரின் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு தடத்திலும் சம அளவில். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சமமாக இருப்பது பூஜ்யமாகிவிடும். குரல் காணாமல் போகும். கரோக்கே பெட்டிகளின் ‘குரல் நீக்கு’ பொத்தான் செய்தது இந்தக் கழித்தல் கணக்கைத்தான். ஆனால் நடுவில் நிற்பவர் பாடகர் மட்டுமல்ல. பேஸ் கிடாரும், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் வழக்கமாக நடுவில்தான் இருக்கும். குரலோடு சேர்ந்து அவையும் போயின. குரலுக்குப் போட்ட எதிரொலி மட்டும் இரண்டு பக்கமும் வேறுவேறாகப் பரவியிருப்பதால் போகவில்லை. மையத்தைக் கழித்த பிறகும் மையத்தின் எதிரொலி சுற்றுவட்டாரத்தில் நின்றுகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இப்போதைய முறை வேறு. ஒலியை நொடியின் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுகிறார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பதில் குரலின் பங்கு எவ்வளவு என்று எந்திரம் ஊகிக்கிறது. பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு மதிப்பு. அந்த மதிப்புகளால் ஆன சல்லடை வழியே மொத்தப் பாட்டையும் சலித்தால் கீழே விழுவது ‘குரல்’. (டெமுக்ஸ் போன்றவை ஒலி அலையையே நேராக எடுத்து வேலை செய்யும். ஆனால் அங்கும் ஊகம் ஊகம்தான்.) குரலும் வயலினும் ஒரே நேரத்தில் ஒரே சுரத்தில் நிற்கும் இடத்தில் அந்தப் புள்ளியின் ஆற்றல் யாருடையது? பதிவில் அதற்கு விடை இல்லை. எந்திரம் பங்கு பிரித்துக் கொடுக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி.

ஆகவே நாம் கேட்பது மீட்டெடுக்கப்பட்ட குரல் இல்லை. மதிப்பிடப்பட்ட குரல். ஒரு புனைவு என்றும் சொல்லலாம், ‘பொய்’ என்ற அர்த்தத்தில் அல்ல, ‘புனையப்பட்டது’ என்ற அர்த்தத்தில். 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இசைத்தட்டுப் பதிவு செய்த காலத்தில் மைக் கிடையாது. ஒரே குழல். அதன் முன்னால் யார் எவ்வளவு அருகில் உட்கார்வது என்பதுதான் அன்றைய மிக்ஸிங். எல்லோருடைய ஒலியும் ஒரே பள்ளத்தில் வெட்டப்பட்டது. பல்தடப் பதிவு வருவதற்கு முந்தைய நம் சினிமாப் பாட்டும் அப்படித்தான். பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். புல்லாங்குழல்காரர் ஒரு இடத்தில் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாட்டுகளில் ‘தனிக்குரல்’ என்று ஒன்று எந்தக் காலத்திலும் எந்த நாடாவிலும் இருந்ததில்லை. இல்லாத மூலத்தைத்தான் இன்று ‘பிரித்தெடுக்கிறார்கள்’.

காது செய்வது வேறு காரியம். கூட்டமும் இரைச்சலுமாக இருக்கும் விருந்தில் ஒருவர் பேச்சை மட்டும் எப்படிப் பின்தொடர முடிகிறது என்று 1953இல் காலின் செர்ரி ஆராய்ந்தார். அதற்கு விருந்துச் சிக்கல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. காது ஒருவரைக் கவனிக்கும்போது மற்றவர்களை அழிப்பதில்லை. பின்னாலிருந்து யாராவது நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோம். கவனம் திரும்பிக்கொள்ளும், கோப்பு திரும்பாது.

3

இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் புகழ்பெற்ற விளைபொருளை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் 2ஆம் தேதி பீட்டில்ஸ் குழுவின் ‘நவ் அண்ட் தென்’ வெளியானது. 1970களின் பிற்பகுதியில் ஜான் லென்னன் நியூயார்க்கில் தன் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடி, ஒரு கேசட்டில் பதிந்து வைத்த பாட்டு. 1980இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் யோகோ ஓனோ கேசட்டை பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். 1995இல் மீதி மூவரும் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். காரணங்களில் ஒன்று, பதிவில் இருந்த மின்சார ரீங்காரமும், குரலை அமுக்கிக்கொண்டு நின்ற பியானோவும். 2001இல் ஜார்ஜ் ஹாரிசன் இறந்தார். பிறகு பீட்டர் ஜாக்சன் 2021இல் வெளியான ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக உருவாக்கிய பிரிப்பு எந்திரத்தைக் கொண்டு கேசட்டிலிருந்து லென்னன் குரலைத் தனியே எடுத்தார்கள். மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் புதிதாக வாசித்தார்கள், 1995இல் ஹாரிசன் வாசித்த கிடாரும் சேர்ந்தது. 2025இல் கிராமி விருதும் கிடைத்தது.

குரல் தெளிவாக இருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ரீங்காரத்துக்கடியில் கிடந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, கேட்பவர்கள் அழுததும் நியாயம்தான். ஆனால் பாட்டின் கலைஞர் பட்டியலைப் பாருங்கள். லென்னனுக்குப் பாடியவர் என்ற இடம் மட்டுமே. பியானோ மெக்கார்ட்னியுடையது. கேசட்டில் பாடியவரும் பியானோ வாசித்தவரும் ஒரே ஆள். ஒரே மூச்சு. இடது கை எங்கே தயங்குகிறதோ அங்கே குரலும் தயங்கும், குரல் எங்கே இழுக்கிறதோ அங்கே விரல் காத்திருக்கும். அந்த ஆளின் தொண்டையை எடுத்துக்கொண்டு கைகளை எறிந்துவிட்டார்கள். பிறகு வேறு ஒருவர் கைகளை, சீரான தாளத்தில், அந்தத் தொண்டைக்குக் கீழே பொருத்தினார்கள். கேசட்டில் இருந்த ஒரு பகுதி பாட்டு முழுசாகவே விடுபட்டும் போனது.

ரோலாண் பார்த் 1972இல் எழுதிய கட்டுரையில், பாடும்போது குரலுக்குள் கேட்கும் உடலைக் குரலின் ‘மணி’ என்றார் – தானியத்தின் மணி, மரத்தின் ரேகை என்கிற பொருளில். உச்சரிப்புச் சுத்தமும் உணர்ச்சி வெளிப்பாடும் அல்ல, நாக்கும் பல்லும் தொண்டைச் சவ்வும் அங்கே இருப்பதன் தடயம். பார்த் அதைக் குரலோடு நிறுத்தவில்லை. எழுதும் கைக்குள்ளும் இயங்கும் உறுப்புக்குள்ளும் இருக்கும் உடலையும் அதில் சேர்த்தார். எந்திரத்துக்கு அந்த ‘உம்’ தெரியாது. உடல் என்பது அதற்குத் தொண்டை மட்டுமே. நண்பர்கள் செய்த அஞ்சலி என்று பார்த்தால் ‘நவ் அண்ட் தென்’ நெகிழ்ச்சியான காரியம். பிரதி என்று பார்த்தால், வீட்டில் தனியாக உட்கார்ந்து தானே வாசித்துத் தானே பாடிய மனிதன் அதில் ‘பாடகர்’ ஆக்கப்பட்டிருக்கிறான்.

4

எந்திரத்துக்கு இதெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது? மனிதக் குரல் எது என்று அது பிறவியிலேயே அறிந்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கான தடவை கலவையையும் அதன் தனித்தனித் தடங்களையும் காட்டிக் காட்டிப் பழக்குகிறார்கள். இதற்கு உலகமெங்கும் அளவுகோலாகப் பயன்படும் பொதுத் தொகுப்பு 2017இல் வெளியான மியூஸ்டிபி-18. 150 பாட்டுகள், ஏறக்குறைய 10 மணி நேரம். 100 பாட்டு பயிற்சிக்கு, 50 பாட்டு பரீட்சைக்கு. பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்ற நாலு கூறு அங்கே இருக்கும் பாட்டுகளுக்குப் பொருந்திய கூறு. ஒரு ராக் குழு மேடையில் எப்படி நிற்குமோ அப்படி. அந்த மேடைதான் இப்போது உலக இசைக்கெல்லாம் பொதுவான உடற்கூறு ஆகியிருக்கிறது. பரீட்சையிலும் வழக்கமாகக் குறைந்த மதிப்பெண் வாங்குவது ‘மற்றவை’ தடம்தான். பின்னே? பெயரே வைக்காத பிள்ளையை யார் படிக்க வைப்பார்கள்?

இந்தக் கல்வியோடு எந்திரம் ஒரு கர்நாடகக் கச்சேரிக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது? தடுமாறுகிறது. முக்கியமான தடுமாற்றம் வயலினில். குரல் தடத்துக்குள் வயலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம் ஒலியியல் மட்டும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றவர்கள் வழியாக இந்த ஐரோப்பியக் கருவி இங்கே வந்தது. வந்த நாளிலிருந்து அதற்கு நாம் கற்றுக்கொடுத்ததெல்லாம் குரலைப் போலிரு, குரலைத் தொடர்ந்து போ என்பதே. பாடகர் ஒரு சங்கதி போட்டால் அரை நொடி பின்னால் அதே சங்கதி. ‘அப்படியே பாடுகிற மாதிரி வாசித்தார்’ என்பதுதான் இங்கே ஒரு வயலின்காரருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு. குரலை மையமாக வைத்து இருநூறு வருஷம் நடந்த அந்தப் பயிற்சியின் வெற்றிதான் எந்திரத்தைக் குழப்புகிறது. எந்திரம் தப்புச் செய்கிறது என்பார்கள். அது நம் இசை வரலாற்றைச் சரியாகத்தான் படித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல். எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கத் தனித்தனித் தடம் வேண்டும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கச்சேரிகளைப் பல்தடமாகப் பதிந்து ‘சராகா’ என்ற தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மைக் வைத்தும் தடங்கள் சுத்தமாக இல்லை. மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடப்பது கச்சேரி. பாடகர் மைக்கில் மிருதங்கம் விழும், மிருதங்க மைக்கில் பாட்டு விழும். ஒலிப்பொறியாளர்கள் இதைக் ‘கசிவு’ என்கிறார்கள். அந்தக் கசிவுள்ள பதிவுகளை வைத்தே எந்திரத்தைப் பயிற்றுவிப்பது எப்படி என்று அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ராக் பாட்டின் கூறுகளைக் கச்சேரி மேல் திணிக்காமல், கச்சேரியிலிருந்தே கற்க முயல்கிறார்கள் என்ற அளவில் மதிக்க வேண்டிய வேலை.

ஆனால் கசிவு என்பது குறையா? சேர்ந்து வாசித்தார்கள் என்பதற்கு அது சாட்சி. கண்ணாடி அறைகளில் ஆளுக்கொரு நாளாக வந்து வாசித்துவிட்டுப் போகிறவர்களிடம்தான் கசிவு இருக்காது.

5

கச்சேரி மேடையை விட்டுக் கீழே இறங்குவோம். அங்கேதான் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது.

கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவளும் கை தட்டுகிறவளும் ஒருத்திதான். குனிந்து நிமிர்ந்து சுற்றிவரும் உடம்பு மூச்சை எங்கே விடுகிறதோ அங்கே அடி முறிகிறது. நாலு தட எந்திரத்தின் கணக்குப்படி தொண்டை குரல் தடத்துக்குப் போக வேண்டும். கைத்தட்டு தாள வகையறா, ஆகவே டிரம்ஸ் தடத்துக்கு. வளையலும் கொலுசும் ‘மற்றவை’. ஒரு பெண்ணின் ஒரு கணத்து அசைவு மூன்று கோப்பாகிவிடும்.

வில்லுப்பாட்டு. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் முன்பாட்டுக்காரர் இரண்டு கையிலும் வீசுகோலைப் பிடித்து வில் நாணில் அடித்துக்கொண்டே கதை சொல்கிறார். மணி குலுங்குகிறது. கதை வேகமெடுக்கும்போது அடி வேகமெடுக்கிறது. அவர் நிறுத்திய இடத்தில் குடமும் உடுக்கையும் பேசுகின்றன. பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். இதில் துணை எது? ‘ஆமா’ போடுகிறவர் குரல் தடத்தில் இருப்பார், ஏனென்றால் அவருக்குத் தொண்டை இருக்கிறது. குடம் அடிப்பவர் இருக்க மாட்டார். சாமியாடி யாருக்கு ஆடுகிறார், தொண்டைக்கா, உடுக்கைக்கா?

ஒப்பாரி. மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள் ஒரு தாய். மாரடி என்பது அவள் தன் உடம்பையே கொட்டாக்கி அடிப்பது. விம்மல், சிந்திய மூக்கு, சொல் முடியாமல் இழுபடும் மூச்சு, வெளியே பறை. ‘குரல்’ என்று எந்திரத்துக்குக் காட்டப்பட்டது ஸ்டுடியோவில் நல்ல மைக் முன்னால் நின்று சுருதியோடு பாடியவர்களின் குரல். அந்த அளவுகோலில் விம்மல் எங்கே போய் விழும் என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். குரல் தடத்தில் விழுந்தால் ‘கறை’ என்று ஒருவர் துடைப்பார். ‘மற்றவை’யில் விழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பறை இல்லாமல், மாரடி இல்லாமல், தனியாக ஒலிக்கும் அந்தக் குரலை நாளை யாராவது ‘அற்புதமான நாட்டார் மெலடி’ என்று எடுத்துப் போட்டு, கீழே ஒரு கிடாரைச் சேர்த்துக்கொள்வார்கள். சாவு வீட்டிலிருந்து சாவைக் கழித்துவிட்டு மிச்சத்தை இசை என்பார்கள்.

6

இந்தத் துறையின் சொற்களைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். பிரித்து வந்த குரல் நன்றாக இருந்தால் ‘கிளீன்’. மற்றது கலந்திருந்தால் ‘கசிவு’, ‘குறுக்கீடு’, ‘மாசு’. சுத்தத்தை அளக்க டெசிபலில் எண்கள் உண்டு: மொத்தத் திரிபு எவ்வளவு, பிற ஒலியின் குறுக்கீடு எவ்வளவு, எந்திரமே உண்டாக்கிய செயற்கைத் திரிபு எவ்வளவு. 2006இல் முன்வைக்கப்பட்ட இந்த அளவைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

‘அய்யா, இது பொறியியல் சொல். இதிலும் தீட்டைத் தேடுவீர்களா?’ என்று கேட்பார்கள். பாரீஸில் நிரல் எழுதியவர் மனதில் சாதி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல் போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சுத்தம், ஒரு அசுத்தம், ஒரு மையம், ஒரு பக்கம் தயாராக இருக்கிறது. நாம் ஏற்கெனவே ‘பக்கவாத்தியம்’ என்கிறோம். பெயரிலேயே உட்காரும் இடத்தைச் சொல்லிவிட்டோம். தெரிதா சொல்லும் துணைச்சேர்ப்பின் தர்க்கம் இதுதான். தன்னளவில் முழுமையானது என்று சொல்லப்படும் ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒன்று ‘சும்மா’ சேர்க்கப்படுகிறது. ஆனால் அது இல்லாமல் முழுமை நிற்பதில்லை. மிருதங்கத்தை எடுத்துவிட்டுப் பல்லவி பாடச் சொல்லிப் பாருங்கள், முழுமை எங்கே இருந்தது என்று தெரியும்.

பக்கவாத்தியத்துக்கும் அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். அந்த மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டியவர். டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) நூலில், பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களான அந்தத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். மாட்டுத்தோலைப் பற்றியும் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தன் அரங்கைத் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஆக, கோப்புகளின் வரிசை இப்படி: குரல், வாத்தியம், வாத்தியம் செய்த கை. கடைசிக் கோப்பு எந்த எந்திரத்திலும் கிடையாது. அது எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது.

கூலிக் கணக்கையும் பேசிவிடுவோம். ஊர்த் திருவிழாவில், கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு என்றால் கீபோர்டு, தபேலா, டோலக், கிடார், டிரம்ஸ் என்று வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். இப்போது பல இடங்களில் ஒரு பாடகர், ஒரு மடிக்கணினி, கரோக்கே தடம். முன்பு கரோக்கே தடத்தை யாராவது மறுபடி வாசித்துத் தயாரிக்க வேண்டும், அதில் சிலருக்கு வேலை இருந்தது. இப்போது மூலப் பாட்டிலிருந்தே குரலை உருவிவிட்டால் போதும். எந்தக் காலத்திலோ ஒரு நாள் கூலிக்கு வாசித்துவிட்டுப் போன டோலக்காரர், தனக்குத் தெரியாமல், ஒவ்வொரு முகூர்த்தத்திலும் இலவசமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு அந்த மண்டபத்தில் வேலையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 38பி பிரிவு, நிகழ்த்துகலைஞருக்குத் தன் பெயரைச் சொல்லக் கோரும் உரிமையைத் தருகிறது. நற்பெயருக்குக் கேடாகத் தன் நிகழ்த்தலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தருகிறது. நல்லது. கூடவே ஒரு விளக்கம்: தொகுப்புக்காக ஒரு பகுதியை நீக்குவதும், முற்றிலும் தொழில்நுட்பக் காரணங்களுக்காகச் செய்யும் மாற்றமும் அப்படிக் கேடு செய்வதாகக் கருதப்படாது. ‘முற்றிலும் தொழில்நுட்பக் காரணம்’ – இந்தக் கட்டுரை முழுக்க நாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது அந்தச் சொற்றொடரைத்தான்.

7

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். குரலைப் பிரித்த செயல் விடுதலையாக ஆன இடமும் உண்டு. ஜமைக்கா.

1960களின் கடைசியில் அங்குள்ள நடன மைதானங்களில், மக்களுக்கு நன்கு தெரிந்த பாட்டைக் குரல் இல்லாமல் வெட்டிய தட்டு ஒன்று ஒலித்தபோது கூட்டமே பாட ஆரம்பித்தது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ என்பது வழக்கமாயிற்று. வானொலிப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, மிக்ஸிங் பலகையில் குரலை இறக்கி, பேஸையும் டிரம்மையும் முன்னால் தள்ளி, ‘டப்’ என்ற கலையையே உருவாக்கினார். காலியான இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யூ-ராய் பேச வந்தார். 1970இல் அவர் பேச்சுப்பாட்டுகள் ஜமைக்கா வரிசையின் உச்சியில் இருந்தன. தெருவின் பேச்சு, பள்ளிக்கூடம் கேலி செய்த கொச்சை, தட்டுக்குள் ஏறியது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். குரலை நீக்கினார்கள், ஆனால் கீழே இருந்தது ‘மீதி’ ஆகவில்லை. பேஸும் டிரம்மும் பாட்டின் நாயகர்கள் ஆயின. குரல் போன இடம் இன்னொரு குரலுக்காகத் திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர்கள் அந்த இசையைச் செய்தவர்களும் அந்த மைதானத்தில் ஆடியவர்களும். நம்மிடமும் இதற்கு ஒரு மரபு உண்டு. பழகிய மெட்டில் சொந்த வார்த்தையைப் போட்டு நாற்று நடவிலும், தேர்தல் மேடையிலும், இயக்கக் கூட்டத்திலும் பாடியவர்கள் கையில் எந்த மென்பொருளும் இருந்ததில்லை. ஒரு கிராமத்துப் பெண் குழு குரல் நீக்கிய சினிமாப் பாட்டின் மேல் தன் கூலிக் கோரிக்கையைப் பாடினால் நாம் அதைக் கொண்டாடத்தான் போகிறோம். பிரித்தல் தன்னளவில் குற்றமல்ல. பிரித்ததால் யாருக்கு இடம் கிடைத்தது, யார் இடம் போனது என்பதுதான் கணக்கு.

இறந்தவர்களின் குரல் விஷயத்திலும் இதே கணக்குதான். 2024இல் ‘லால் சலாம்’ படப் பாட்டொன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது. குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக ரஹ்மான் பகிரங்கமாகச் சொன்னார். அது குறைந்தபட்ச நாகரிகம், எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. பொதுவாக இத்தகைய குரல் மாதிரிக்கு மூலப்பொருள் தனிக்குரல். பழைய பாட்டில் தனிக்குரல் இல்லையென்றால் எந்திரத்தால் உருவ வேண்டியதுதான். குரலுக்காவது கேட்க ஒரு குடும்பம் இருக்கிறது. உருவும்போது உதிர்ந்த தவில்காரருக்கு யாரிடம் அனுமதி கேட்பார்கள்? பெயரே தட்டில் இல்லையே.

8

ஆவணப்படம் எடுப்பவர்களும், பாடல் தொகுப்பவர்களும், கலைக்குழு நடத்துபவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் சில விஷயங்களை வெளிப்படையாகவே வைக்கிறேன். விவாதிக்கலாம்.

மூலப் பதிவை அழிக்காதீர்கள். பிரித்த கோப்பு கையில் வந்ததும் ‘அதுதான் சுத்தமாக இருக்கே’ என்று பழையதைத் தூக்கிப் போடுகிற பழக்கம் இப்போதே தொடங்கிவிட்டது. நாய் குரைப்பும் ஜெனரேட்டரும் பறையும் கலந்த அந்தக் கேசட்தான் ஆவணம். பிரித்தது ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். நாளை வேறு எந்திரம் வேறு வாசிப்பைக் கொடுக்கும், மூலம் இருந்தால்.

பிரித்ததைப் பயன்படுத்தினால் பிரித்தது என்று சொல்லுங்கள். ஜெனரேட்டர் இரைச்சலில் புதைந்த ஒரு கிழவியின் வாக்குமூலம் கேட்க வேண்டுமென்றால் எந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் கேட்பவருக்கு, தான் கேட்பது ஊகம் கலந்த குரல் என்று தெரிய வேண்டும். முக்கியமாக அது சாட்சியமாகப் போகும் இடங்களில்.

பாடியவர் பெயரோடு அடித்தவர் பெயரையும் எழுதுங்கள். ‘பக்கவாத்தியம் மற்றும் குழுவினர்’ என்று எழுதாதீர்கள். ‘குழுவினர்’ என்பது ‘மற்றவை’யின் தமிழாக்கம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் கேளுங்கள். இந்த எந்திரங்கள் காட்டியதைக் கற்றுக்கொள்பவை, அவற்றின் நிரல்களில் பல எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. தொண்டையும் கையும் ஒன்றாக ஒரு தடம், பறையும் ஆட்டமும் ஒன்றாக ஒரு தடம் என்று வேறு பகுப்பை யோசிக்க முடியாதா? எந்த இடத்தில் வெட்டலாம், எந்த இடத்தில் வெட்டக் கூடாது என்று பறையடிப்பவரும் ஒப்பாரி வைப்பவளும் சொல்ல, அதைக் கேட்டு எழுதப்படும் ஒரு நிரல் ஏன் கூடாது? கணிப்பொறி படித்த நம் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் யார் யாருக்கோ நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இதைப் பேச வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.

அதுவரை ஒரு சின்னக் காரியம் செய்யலாம். அடுத்த முறை எந்திரத்தில் ஒரு பாட்டைப் போட்டுப் பிரித்தால், குரல் கோப்பைத் திறப்பதற்கு முன் அந்த நாலாவது கோப்பைத் திறந்து முழுசாகக் கேளுங்கள். குரலின் நிழல் அதில் அங்கங்கே ஒட்டியிருக்கும். எந்திரத்தால் முழுக்கப் பிய்க்க முடியாத இடங்கள் அவை. அந்த இடங்களில்தான் அவர்கள் சேர்ந்து இருந்தார்கள்.